பச்சை விளக்கு

நெஞ்செரிச்சலுக்கு அறுவை சிகிச்சை செய்தபோதே மரியசெல்வத்தின் உணவுக்குழாயருகே ஒரு சின்னக் கருவியையும் வைத்துவிட்டார்கள். நெஞ்சின் நிலவரம் வீட்டுச் சுவரிலிருக்கும் விளக்கில் தெரியும். நலமென்றால் பச்சை, நோவென்றால் சிவப்பு. எல்லார் வீட்டிலும் இப்போது அப்படித்தானே, கண்ணுகளா.

எட்டு மாதமாகப் பச்சைதான். ஆனால் சோறு இறங்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் அழுத்தியது.

"ஏட்டி, இன்னைக்கும் நெஞ்ச அடைக்கு."

மனைவி ரோஸ்லின் சுவரைப் பார்ப்பாள். "பச்சையாத்தான இருக்கு? வேலைக்குப் போவ மடி, சோம்பல். ஒங்களுக்குச் சாக்குக்கா பஞ்சம்!"

டாக்டரும் விளக்கைத்தான் பார்த்தார். அவர் வேலை பார்த்த துறைமுகத்து மேஸ்திரியும் அதையே பார்த்தார். நாளடைவில் மரியசெல்வம் சொல்வதையே விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், இரண்டாம் வாய் சோற்றை விழுங்க முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னங்க, வலிக்கா?"

பதில் சொல்லுமுன் அவர் கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு, "இல்ல" என்றார்.

ரோஸ்லின் எழுந்து போய் விளக்கை மறைத்து நின்றாள்.

"வெளக்கப் பாக்காதிய. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. எங்க வலிக்கு?"