ஹெலன் வீட்டுச் சமையலறை

ஜெகதீசனின் கம்பெனி கோவளத்தில் ஆரம்பித்து, மூன்று ஊரும் மூன்று பெயரும் மாறி, இப்போது செங்கல்பட்டில் ‘அழகு இல்லம் இன்டீரியர்ஸ்’ என்று போர்டு மாட்டிக்கொண்டிருந்தது. வழவழப்பான ஆல்பம், விசிட்டிங் கார்டு, கழுத்தில் நான்கு பவுன் செயின், எல்லாம் உண்டு. ஆனால் இதுவரை ஒரு வீட்டு வேலையையும் அவன் முடித்ததில்லை. ஆரம்பித்ததும் இல்லை. பாதிப் பணத்தை ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவான். மறுநாள் போன் நம்பரை மாற்றுவான். அதுதான் தொழில்.

ஹெலனைப் பார்த்ததும் அவனுக்கு மனசுக்குள் மணி அடித்தது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் லாரி டிரைவர், வடக்கே லோடு ஏற்றிப் போயிருந்தார். சமையலறைச் சுவர் முழுக்க ஓதம், மேடையில் விரிசல், சிங்க்குக்குக் கீழே எப்போதும் ஒரு வாளி. அதைச் சரிசெய்ய பி.எஃப். கடன் போட்டிருந்தாள்.

“மொத்தமா ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம்க்கா. டைல்ஸ், கிரானைட்டு, கப்போர்டு, எல்லாம் அதுலயே” என்றான் ஜெகதீசன். “பாதிய ரொக்கமா குட்த்துடுங்க. பில்லு வாணாம், ஜிஎஸ்டி மிச்சம். நாளைக்கே ஆளு வந்துடும்.”

ஹெலன் சங்கடமாகக் கையைப் பிசைந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ரொக்கமா மட்டும் குடுக்காதன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிட்டுப் போயிருக்காரு. கம்பெனி அக்கவுண்ட்ல போடறேன். மொதல்ல பத்தாயிரம். மீதி, வேலை முடிய முடிய.”

“இன்னாக்கா, நம்ம மேல நம்பிக்க இல்லியா?”

“ஐயோ, உங்கள நம்பாமலா? அவரு வந்தா என்னைத்தான் திட்டுவாரு. ஒரு பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா நான் தப்பிச்சேன்.”

பத்திரத்தில் தெளிவாக எழுதினாள். பழசை உடைத்து, குழாய் மாற்றியதும் நாற்பதாயிரம். டைல்ஸ் ஒட்டியதும் எழுபதாயிரம். எல்லாம் முடிந்து ஒரு வாரம் ஒழுகாமல் இருந்தால் மீதி ஒரு லட்சத்து இருபதாயிரம். ஒவ்வொன்றுக்கும் பில். டைல்ஸ் எந்தக் கம்பெனி என்பதும் அதிலேயே. சொன்ன ரேட்டுக்கு மேல் ஏறக் கூடாது.

பத்தாயிரத்துக்காக ஓடுவது ஜெகதீசனுக்குக் கேவலமாக இருந்தது. நாற்பதும் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டான்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து கருப்பன் மேஸ்திரி வந்தார். மேடையை உடைத்தார், சுவரைக் கொத்தினார், குழாயை மாற்றினார். ஹெலன் சொன்னபடி அன்றைக்கே நாற்பதாயிரம் போட்டாள். கூலியும் சாமானும் கொடுத்தபின் ஜெகதீசன் கையில் நின்றது இரண்டாயிரம். இதை வைத்துக்கொண்டு எந்த ஊருக்கு ஓடுவது? எழுபதும் வரட்டும்.

மலிவு டைல்ஸ் இறக்கினான். ஹெலன் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, அதே சங்கடச் சிரிப்பு சிரித்தாள்.

“பத்திரத்துல வேற கம்பெனி பேரு போட்டுகீது தம்பி.”

டைல்ஸ் திரும்பிப் போனது. எழுதியிருந்ததே வந்தது. வந்த எழுபதாயிரமும் போய், அவன் கைக்காசிலும் எட்டாயிரம் போய்விட்டது. இப்போது ஓடினால் நஷ்டம் அவனுக்குத்தான். அவன் தொழிலில் இது நடந்ததே இல்லை.

“இன்னா அண்ணாத்த, கிரானைட்டு எப்போ வரும்?” என்று கருப்பன் மேஸ்திரி தினமும் கேட்டார். கடைசியில் செயினை அடகு வைத்து கிரானைட்டும் கப்போர்டும் வாங்கினான். கழுத்து லேசாக இருந்தது. தூக்கம் வரவில்லை.

கடைசி நாள், இழுப்பறை ஒன்றை இழுத்துப் பார்த்தான். சத்தமில்லாமல் வந்தது. தள்ளினான். சத்தமில்லாமல் போனது. என்னவோ தோன்றி இன்னும் மூன்று தடவை இழுத்தான். போட்டோ எடுத்து மனைவி தமிழ்ச்செல்விக்கு அனுப்பினான்.

‘யாரு வூடு இது?’ என்று பதில் வந்தது.

‘நான் செஞ்சது.’

‘காலங்காத்தாலயே குடிச்சிட்டியா?’

ஒரு வாரம் போனது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஹெலன் அவன் கண்ணெதிரிலேயே ஒரு லட்சத்து இருபதாயிரத்தையும் அனுப்பினாள். புது அடுப்பில் போட்ட முதல் டீயை அவனுக்கே கொடுத்தாள். ஜெகதீசன் செயினை மீட்டு, வட்டி கட்டி, மிச்சத்தை எண்ணிப் பார்த்தான். இரண்டு மாத உழைப்புக்கு ஆறாயிரத்து நானூறு ரூபாய். இப்படிப் பிழைப்பவர்கள் எப்படித்தான் பிழைக்கிறார்களோ என்று இருந்தது. ஆனாலும் அன்றைக்கு போன் நம்பரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம், ஹெலனோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பிரிசில்லா சமையலறையைப் பார்க்க வந்தாள். கிரானைட்டைத் தடவினாள், குழாயைத் திறந்து மூடினாள், விலையைக் கேட்டாள். கேட்டதும் வாயைப் பிளந்தாள்.

“எனக்கு நாலு கம்பெனி பார்த்தாச்சு. ஒருத்தனும் மூணரை லட்சத்துக்குக் கீழ எறங்கல. இவன எங்கடி புடிச்ச?”

ஹெலன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“நுகர்வோர் கோர்ட்டுல. அட்வான்ஸ் வாங்கினு ஓடினதா அவன் மேல மூணு கேசு கீது. செய்ற எண்ணமே இல்லாதவன்தாண்டி இவ்ளோ கம்மியா ரேட் சொல்லுவான்!”