பத்தாவது அட்டை

சுகந்தியும் தனபாலும் பிரிந்து ஆறு மாதம் ஆன பிறகுதான் தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது. நல்ல நாட்களில் தம்பதியர் போட்டிக்குப் போட்டுவைத்த விண்ணப்பம். தனித்தனிப் பேருந்தில் வந்து மேடையில் எதிரெதிரே நின்றார்கள். அட்டையில் இருக்கும் சொல்லை உச்சரிக்காமல் அவள் குறிப்புக் கொடுக்க வேண்டும், அவன் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் பத்துச் சொற்கள்.

“உங்களுக்குப் பயம்.”

“பல்லி.”

“மாசாமாசம் பஸ்ல தொலைப்பீங்க.”

“குடை.”

“என் சமையல்ல உங்கம்மா சொல்ற குறை.”

“உப்பு!”

அரங்கம் சிரித்தது. ஒன்பது சொற்களுக்கு நாற்பது விநாடிகூட ஆகவில்லை. அந்த நிகழ்ச்சியில் அதுவரை யாரும் பத்தைத் தொட்டதில்லை.

பத்தாவது அட்டையை எடுத்த சுகந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏதாவது சொல்லுங்க மேடம், நேரம் ஓடுது!” என்றார் தொகுப்பாளர்.

அவள் நிமிர்ந்து தனபாலைப் பார்த்தாள். குழந்தையை இழந்த நாளிலிருந்து இருவருமே வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. தனபால் அவள் முகத்தையே பார்த்தான்.

“தொட்டில்” என்றான் மெதுவாக.

மணி அடித்தது. தொகுப்பாளர் அட்டையை வாங்கிப் பார்த்துத் திகைத்தார். “விடை சரிதான். ஆனா நீங்க குறிப்பே குடுக்கலையே மேடம், புள்ளி தர முடியாதே.”

“புள்ளி வேண்டாங்க” என்ற சுகந்தி, தனபாலின் பக்கம் ஓரடி நடந்தாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள் அவனிடம்.