ஏழு வரி வாழ்த்து

யோகேந்திரன் வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. ‘இடிப்பது’ என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

“இது ஒரு பயணம்மா,” என்றார். “மேம்பாட்டை நோக்கிய பயணம்.”

“போற வழியில பாத்ரூம் இருக்குமாண்ணே?” என்று கேட்டாள் புனிதா.

அவர் சிரித்தார். கேலியைக்கூடப் பாராட்டாக எடுத்துக்கொள்ளப் பழகிய சிரிப்பு.

பெடாஸ் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் அது. தோட்டத்தைப் புதிதாக வாங்கிய நிறுவனத்துக்கு தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள் பன்னிரண்டும் வேண்டாம், நிலம் வேண்டும். அதைத் தமிழில், வலிக்காமல் சொல்வதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள்தான் யோகேந்திரன். இதே லயத்தில் பிறந்தவர்.

அதனால்தான் எப்போதும் விளக்கு வைக்கும் நேரமாகப் பார்த்து வருவார். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரியும்போது இந்த லயத்தில் யாரும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். அரிசி தீர்ந்தால்கூட ‘நிறைஞ்சிருக்கு’ என்பார்கள். அந்த நல்ல பழக்கத்தின் மேல் ஏறி நின்றே பதினோரு கையெழுத்து வாங்கிவிட்டார்.

பன்னிரண்டாவது புனிதாவுடையது.

மலாய்ப் படிவத்தை அவள் இரண்டு முறை படித்திருந்தாள். முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

யோகேந்திரன் அதையே தமிழில் சொன்னபோது காற்றோட்டம் வந்தது, பிள்ளைகளின் எதிர்காலம் வந்தது, வாசலில் ரோஜாச் செடிகூட வந்தது. பக்கத்து வீட்டு விமலா அக்கா அந்தத் தமிழைக் கேட்டுவிட்டு, எங்கேயுமே இல்லாத ஒரு சமையலறைக்குத் திரைச்சீலை வாங்கி வைத்திருக்கிறாள்.

புனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் என்றால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இந்த மனிதர் பேச்சில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, சோப்புத் தண்ணீர்.

“நம்பிக்கை வைம்மா. கம்பெனி என்னையே எப்படி மதிக்குது பாரு. மத்தியானம்தான் வந்துச்சு.” கைப்பேசியை நீட்டினார்.

தலைமையகத்திலிருந்து ஏழு வரி. அவருடைய திறமை இனி இன்னும் பரந்த உலகத்துக்கு உரியதாம். திங்கட்கிழமை முதல் அவருடைய நேரம் முழுவதும் அவருக்கே சொந்தமாம். காரையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்க வரும்போது அன்பளிப்புப் பை ஒன்று காத்திருக்குமாம். வாழ்த்துகள். இப்படிக்கு, உங்கள் குடும்பம்.

“புதுக் கார் குடுக்கப் போறாங்க போல,” என்றார். முகமெல்லாம் பல்.

புனிதா இன்னொரு முறை படித்தாள். நன்றாக வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். சிரிப்பு உதடுவரை வந்துவிட்டது.

அவர் அதற்குள் காலரை இழுத்து நிமிர்த்திக்கொண்டார். காலர் மடிப்பில் நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் கவனித்துத் தைத்துக் கொடுக்கவில்லை போலும்.

சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

“கையெழுத்தும்மா?” பேனாவை நீட்டினார்.

அதை வாங்கி, படிவத்தின் மேல் மூடியோடு வைத்தாள். “அது கெடக்கட்டும். சாப்டீங்களாண்ணே?”

“இல்ல, வீட்டுக்குப் போயி…”

“உக்காருங்க-லா.”

சோறும் டின் சார்டின் மீன் குழம்பும் போட்டாள். ஒரு முட்டையும் பொரித்து வைத்தாள். பசி போலிருக்கிறது, குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். வரப்போகும் கார் வெள்ளையாக இருந்தால் தூசி தெரியும் என்று கவலைப்பட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

அவர் கை கழுவித் துடைக்கும்வரை புனிதா பொறுத்திருந்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“அண்ணே, உங்கள வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க.”