ஆமை முதுகில் ஒரு பிடி மண்

நெருங்கி உட்காருங்க, இது உலகமே தண்ணீராகக் கிடந்த காலத்துக் கதை. வானத்திலிருந்து தவறி விழுந்த ஒரு பெண்ணை வாத்துகள் நடுவழியில் சிறகால் தாங்கிக்கொண்டன. இறக்கிவிடத் தரை வேண்டுமே!

"சீக்கிரம், றெக்கை கழண்டுரும்போல!" என்று கத்தின.

பெருத்த உடம்புக்கார நீர்நாய் முங்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணிக்கு அடியே கிடையாது," என்று அடித்துச் சொன்னது. பொடியன் நீரெலி முங்கி, உயிர் போய் உயிர் வந்து, ஒரு பிடி மண்ணோடு மேலே வந்தது. ஆமை முதுகைக் காட்ட, அதன்மேல் மண்ணை அப்பியது.

சிறகு ஓய்ந்த வாத்துகள் பெண்ணை ஓரத்திலேயே இறக்கிவிட்டன. ஆமை சாய்ந்தது. மண் வழுக்கியது.

"ஐயோ, கவுந்துருவேன்!" என்றது ஆமை.

"நான்தான் அப்பவே சொன்னேனே, இதெல்லாம் ஆகாதுன்னு," என்றது நீர்நாய்.

இன்னொரு தடவை முங்க நீரெலிக்கு மூச்சில்லை. நீர்நாயின் உடம்பை ஏற இறங்கப் பார்த்தது.

"அண்ணே, இவ்வளவு தெரிஞ்சவர் தண்ணியில நின்னா பேசுறது? எதிர்ப்பக்கம் ஏறி உட்கார்ந்து விளக்கமாச் சொல்லுங்க."

நீர்நாய் நெஞ்சை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்தது. ஆமை நேராக நின்றது. அடியே ஏன் கிடையாது என்று நீர்நாய் விளக்க விளக்க, பெண் மண்ணை மிதித்துப் பரப்பினாள். தரை வளர்ந்துகொண்டே போனது.

பேச்சு முடிந்து நீர்நாய் எழப் போனது. நீரெலி அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அப்புறம் அண்ணே?" என்றது.