கடைசி பெஞ்சில் மரகதம்

கல்லூரியில் 'இலக்கியத்தில் கனவுகள்' என்ற பாடத்தை எடுக்கும் திருஞானத்தின் கனவில், இறந்துபோன மனைவி மரகதம் ஒருதடவைகூட வந்ததில்லை. மைத்துனியின் கனவில் வந்து மூக்குத்தி எங்கே என்று கேட்டாளாம். மாடியில் குடியிருப்பவரின் கனவில்கூடத் தலைகாட்டி, டேங்க் நிரம்பி வழிகிறது, மோட்டாரை நிறுத்துங்கள் என்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இவர்மேல் மட்டும் என்ன கோபமோ.

அன்று வகுப்பில் ஆளுக்கொரு கனவைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெனிட்டாவின் முறை வந்ததும் அவள் எழுந்து தயங்கினாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் மரகதம்.

"சார், நேத்து மரகதம் மிஸ் வந்தாங்க. இதே கிளாஸ்தான். நீங்க பாடம் நடத்திட்டிருந்தீங்க."

திருஞானம் கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார். வழக்கமாகக் கனவுகளைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை விட்டுவிட்டார்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளாம்மா?"

"இல்ல சார். கடைசி பெஞ்சுல தலைசாய்ச்சுத் தூங்கிட்டிருந்தாங்க. நல்ல தூக்கம். எழுப்ப மனசு வரல."

ஆஸ்பத்திரியில் கடைசி மாதம் முழுக்க, வலியில் பொட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தவள் மரகதம்.

திருஞானம் சற்றுநேரம் பின்வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாடத்தைத் தொடர்ந்தார். குரல் வெகுவாக இறங்கியிருந்தது.

"சார், இங்க கேக்கல," என்றான் கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன்.

"பெஞ்சை இழுக்காம, மெதுவா எல்லாரும் முன்னாடி வந்துடுங்கப்பா," என்றார்.