நாற்பது டிசம்பர்

நாற்பது டிசம்பர்களையும் றிஸ்லா சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள்.

மடிக்கணினித் திரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். நீலம் மழை. வெள்ளை வெயில்.

"வந்து பாருங்க உம்மா. எல்லாத்துலயுமா மழை பெய்யிது?"

உம்மா குசினியில் அடுப்பை விட்டு வரவில்லை. "டிசம்பர் வேணாம் எண்டா வேணாம். பந்தலுக்குள்ள மழை வரும்."

அந்த வாரத்தில் இது எத்தனையாவது தடவையோ.

ஜனவரியில் றிஸ்லா படிப்புக்காக ஜப்பானுக்குத் திரும்ப வேண்டும். டிசம்பரை விட்டால் கலியாணம் இரண்டு வருடம் தள்ளிப் போகும். யுத்தம் முடிந்த மறுவருடம் அது. மாப்பிள்ளை வீட்டார் இறக்காமத்திலிருந்து ஒரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறாமல் கல்முனைக்கு வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை றம்ஸீனுக்கும் சம்மதம். உம்மா வாயால் ஒரு 'ஓம்' மட்டும்தான் பாக்கி.

உம்மாவின் தம்பி காலிதீன் மாமா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாப்பதா? ஒரு டிசம்பருக்கே நம்மட ரோட்டுல வள்ளம் விடுறம்."

அவள் விளக்கினாள். கணினிக்குள் ஒரு பூமி. அதே பூமியை, அதே நாளிலிருந்து, நாற்பது தடவை ஓடவிடுவது. ஒவ்வொரு தடவையும் வெப்பத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம். தொட்டால்கூடத் தெரியாது. ஆனால் சில வாரங்களில் நாற்பது பூமிக்கும் நாற்பது வானம். வருடம் போகப் போக நாற்பதிலும் சூடு ஏறும். மழை மட்டும் ஒவ்வொன்றிலும் தன் பாட்டில் வரும், போகும். காலநிலை மாறியதால் வந்த மழை எவ்வளவு, மழையின் குணமே அப்படி என்பது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் இத்தனை பூமி.

"இதுல எது சரி?"

"எல்லாம் சரிதான் மாமா."

"நமக்கு எது?"

"நமக்கு ஒண்டுதான் கிடைக்கும். அது எப்பிடி எண்டு வந்தாத்தான் தெரியும்."

"இதுக்கு ஜப்பானுக்குப் போகணுமா புள்ள? தெரியாதெண்டு நான் இஞ்ச இருந்தே சொல்லுவனே!"

றிஸ்லா சிரித்தபடி ஒரு பூமியின் வரைபடத்தைப் பெரிதாக்கி, அதில் ஒரு சதுரத்தைத் தொட்டாள். "இந்தா, இதுதான் கல்முனை. இறக்காமமும் இதுக்குள்ளதான். கொஞ்சம் கடலும்."

"அப்ப பொண்ணும் மாப்புளயும் இப்பவே ஒரே பெட்டிக்குள்ள!" மாமா குசினிப் பக்கம் திரும்பினார். "பொறகென்னத்துக்கு ராத்தா கலியாணம்?"

உள்ளே அகப்பைச் சத்தம் நின்றது. உம்மா சிரித்துவிட்டார்.

சிரித்த முகத்தோடேயே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகளின் பின்னால் நின்றார்.

"பழைய வருசமும் இரிக்கா இதுல?"

"ஓம் உம்மா."

"கடல் வந்த வருசம்?"

மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

ஆறு வருடமாக உம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு டிசம்பர். மழை மழை என்று அவர் சொன்னதெல்லாம் அதைத்தான் என்று மற்ற இருவருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இது நடந்ததில்ல உம்மா," றிஸ்லா மெதுவாகச் சொன்னாள். "நடந்திருக்கக்கூடிய மழையும் வெயிலும்தான். கரை எண்டு நாங்க ஒரு கோடு போட்டிரிக்கம். கடலுக்கு அதத் தாண்டத் தெரியாது."

"அந்தக் கடல் நல்ல கடல். காட்டு."

றிஸ்லா அந்த வருடத்து டிசம்பர் இருபத்தாறாம் திகதியைத் திறந்தாள். பூமிக்கு ஒரு கட்டமாக நாற்பது ஞாயிற்றுக்கிழமைகள்.

உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விரல் ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்தது. வெள்ளை. இளநீலம். வெள்ளை. வெள்ளை. கரு நீலமான ஒன்றில் வந்து நின்றது.

"இது?"

"இதுல பேய் மழை உம்மா. விடிய முந்தித் தொடங்கி ராவு வரைக்கும்."

உம்மா இன்னும் குனிந்தார். மூக்கு திரையில் முட்டப் பார்த்தது.

"இதுல உங்கட வாப்பா மீன் வாங்கப் போயிரிக்க மாட்டாரு."

அவர்களுக்குக் கிடைத்த ஞாயிறில் நல்ல வெயில். வாப்பா பையை எடுத்துக்கொண்டு கரைவலை மீனுக்குக் கடற்கரைக்குப் போயிருந்தார்.

"போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு, பிளேன்டீ கொண்டா, இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டா எண்டு என்ட உசிர எடுத்திரிப்பாரு." உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை.

"மச்சான் அவிச்ச கெழங்கும் கேட்டிரிப்பாரு!" என்றார் மாமா.

"கேக்காம? கேட்டுப்போட்டு, உப்புக் கூடிப்போச்சு எண்டும் சொல்லியிரிப்பாரு!"

றிஸ்லாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆறு வருடத்துக்குப் பிறகு அன்று பின்னேரம் முழுவதும் வாப்பா வீட்டிலேயே இருந்தார்.

உம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"தம்பி, மாப்புள ஊட்டுக்கு டிசம்பர் எண்டு சொல்லு."

மாமா போனை எடுத்தார். எடுத்தவர் விடுவாரா? "பந்தலுக்குள்ள மழை வந்தா ராத்தா?"

"வரட்டும்," குசினிக்குள் போய்க்கொண்டே உம்மா சொன்னார். "மழைக்கு ஒருத்தரும் ஊட்ட உட்டு வெளிய போக மாட்டாங்க."