கருப்பின் மேல் கருப்பு

எங்கள் தையல் கூடத்துக்குள் நுழையும்போதே அன்றைய மனநிலைக்கு ஒரு நிறத்தை அழுத்த வேண்டும். கழுத்தில் தொங்கும் சிறு திரையில் நம் பெயர் அந்த நிறத்தில் ஒளிரும். அதைப் படித்துத்தான் கேமரா வருகையைப் பதியும். நிறங்கள் மொத்தம் எட்டு. கூட்டவோ குறைக்கவோ முடியாதபடி நிரலில் எழுதிவிட்டார்கள்.

மகனைப் புதைத்த மூன்றாம் நாள் வேலைக்கு வந்த ஆரோக்கியமேரி அக்கா கருப்பை அழுத்தினாள். திரையின் பின்னணியும் கருப்பு. பெயர் தெரியவில்லை.

“நீ வரலைன்னு பதிவாகுதும்மா. சோகம்னா நீலம் போடு,” என்றார் சூப்பர்வைசர்.

“நீலம் பத்தாது சார். கருப்பும் எட்டுல ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான். ஆனா அதை யாரும் போடுறதில்ல.”

மறுநாள் எங்கள் கூடத்தில், என்னுடையது உட்பட, முப்பத்தாறு மெஷின்கள் ஆளில்லாமல் தைத்ததாகப் பதிவாகியிருக்கிறது.